தராசு முள்ளும் பஸ் கட்டணமும்

ஜி.எஸ்.டி., எடை முத்திரை, பிளாஸ்டிக் தடை, கடை வாடகை என்று எழுதி வரும் இந்தப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். விஷயம் பஸ்தான். ஆனால் அதற்குள் கல்லாப்பெட்டியும் இருக்கிறது, தராசும் இருக்கிறது. அதனால்தான் எழுதத் துணிந்தோம்.

நாம் மேல்மலையில் போளூரில் பிறந்தவர்கள். மன்னவனூர், கவுஞ்சி தாண்டி வரும் சிற்றூர். பூண்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் விளைகிற பூமி. நாற்பது ஆண்டுகளாக மலைப்பூண்டை மொத்தமாகக் கொள்முதல் செய்து வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கி வருகிறோம். வெளியூர் என்றால் நமக்குத் திண்டுக்கல், மதுரை, மிஞ்சினால் சென்னை. அப்படிப்பட்ட நாம் 2024 ஆகஸ்டில் வியாபார நண்பர்கள் மூவருடன், வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு, எட்டுப் பேராகச் சிங்கப்பூர் போய் வந்தோம். ஐந்து நாள் பயணம். அறுபதைத் தாண்டிய பிறகு முதல் கடல் கடப்பு.

இரண்டு நாட்கள் சுற்றுலாக்காரர்கள் வேனில் ஏற்றி இறக்கினார்கள். மீன் காட்சி, பூங்கா, கப்பல் மாதிரிக் கட்டிடம் எல்லாம் பார்த்தாயிற்று. மூன்றாம் நாள் நம் இஷ்டம். வியாபாரிக்கு இஷ்டம் எங்கே போகும்? பாசிர் பாஞ்சாங் என்ற இடத்தில் காய்கறி, பழ மொத்த விற்பனை மையம் இருக்கிறது, அந்த நாட்டுக்கு வரும் சரக்கு அங்கே இறங்குகிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். அங்கே பூண்டு மூட்டை என்ன விலை போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மலையேறினால் நமக்குத் தூக்கம் வராது. காலை ஆறு மணிக்கே தேக்கா பக்கத்தில் பஸ் நிறுத்தத்தில் எட்டுப் பேரும் நின்றோம்.

பஸ் வந்தது. கண்டக்டர் இல்லை. ஓட்டுநர் ஒருவர்தான். அவர் பக்கத்தில் ஒரு பெட்டி. காசு கொடுப்பவர் சரியான சில்லறையை அதில் போட வேண்டும். கூடப் போட்டால் மீதி வராது. நம் கையில் இருந்தவை ஐம்பது வெள்ளித் தாள்கள். (அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள், கேட்க இனிமையாக இருந்தது.) ஒரு தாள் நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். அதைப் பெட்டியில் போட்டுவிட்டு மீதியை மறப்பதா? ஓட்டுநர் கோபப்படவில்லை. பெட்டியைக் காட்டினார், கையை விரித்தார். அவருக்கு விதி அவ்வளவுதான்.

உள்ளே சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர், கட்டட வேலைக்கு வந்தவர், எழுந்து வந்தார். தன் அட்டையை எடுத்துக் காட்டி, "ஐயா, ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான் ஏற முடியும். இல்லேன்னா உங்க எட்டுப் பேருக்கும் நானே தட்டிருவேன்" என்றார். பையைத் துழாவிப் பார்த்தார். இரண்டு பேருக்கு ஆகிற சில்லறை இருந்தது. எட்டில் இரண்டு பேர் மட்டும் ஏறுவது எப்படி? நன்றி சொல்லி இறங்கிவிட்டோம். கையில் பணம் இருந்தும் கடைவாசலில் சரக்கு வாங்க முடியாமல் திரும்பிய அனுபவம் நமக்கு அதுவரை இருந்ததில்லை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரிகிறது.

பக்கத்துக் கடையில் அட்டை விற்றார்கள். ஓர் அட்டை பத்து வெள்ளி. அதில் ஐந்து வெள்ளி பயணத்துக்கு, ஐந்து வெள்ளி அட்டையின் விலை. அந்த ஐந்து திரும்பாது. இதை ஒளிக்கவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். குறை சொல்ல இடமில்லை. நம்மில் ஒருவர், வத்தலக்குண்டு மளிகைக் கடைக்காரர், "என்னிடம் வங்கி அட்டை இருக்கிறது, அதையே தட்டலாமாம்" என்று நின்றுகொண்டார். மீதி ஏழு பேருக்கும் வாங்கினோம். அட்டை விலை மட்டும் 35 வெள்ளி. அன்றைய மாற்று விலைக்கு ஏறக்குறைய 2,200 ரூபாய். ஐந்து நாள் வந்து போகிறவனுக்கு இது பயணச் செலவா, நுழைவுக் கட்டணமா? நம் மலை ஊர்களில் காலி மதுப்பாட்டிலைக் கொடுத்தால்கூடப் பத்து ரூபாய் திரும்பி வருகிறது. ஹாங்காங்கில் 1997 முதல் இருக்கும் ஆக்டோபஸ் அட்டைக்கு முன்பணம் 50 ஹாங்காங் டாலர். அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அந்த முன்பணம் திரும்பி வரும். சோடாக் கடையில் பாட்டிலுக்கு வாங்கி வைக்கும் முன்பணம் மாதிரி. அதுதான் நமக்கு நியாயமாகப் படுகிறது.

வங்கி அட்டை நண்பரின் கதை வேறு. அடுத்த பஸ்ஸில் அவர் தட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினார், மறுபடி சிவப்பு. அட்டையில் பணம் இருந்தது. தவறு சிங்கப்பூர் மேல் இல்லை. நமது ரிசர்வ் வங்கி 2020 அக்டோபர் 1 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. புதிதாகக் கொடுக்கும் அட்டை உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டில் செல்லவும், செருகாமல் தட்டிச் செலுத்தவும் வேண்டுமென்றால் அட்டைக்காரரே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். திருட்டைத் தடுக்க வந்த நல்ல விதிதான். ஆனால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் அதைத் திறந்து வைக்க வேண்டும் என்று நண்பருக்கு யாரும் சொல்லவில்லை. வத்தலக்குண்டில் இருந்த மகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவர் போனில் வழி சொல்ல, பதினைந்து நிமிஷத்தில் திறந்தது. வெளிநாடு போகும் அன்பர்கள் பாஸ்போர்ட்டோடு இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளவும். கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைத் தட்டி ஏற முடியாது என்பதையும் மறக்க வேண்டாம், ஆளுக்கொன்று வேண்டும். இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அந்தப் பஸ் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கு. தேக்காவில் சில கடைகளில் நம் நாட்டு யு.பி.ஐ. எடுத்தது, பஸ்ஸில் எடுக்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்ததும் நண்பர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு பிடித்தான்?" விடை இல்லை. இயந்திரம் தொகையைக் காட்டவில்லை. நாலு நாள் கழித்து வங்கிக் கணக்கில் ஒரே தொகையாக வந்தது. எந்தப் பயணத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் போனில் தனியாக ஒரு செயலி போட வேண்டும். ஊர் திரும்பியதும் நாம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அப்போது அங்கே பெரியவர்களுக்கு அட்டையில் மிகக் குறைந்த கட்டணம் 1 வெள்ளி 9 காசு. வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு சேவைக் கட்டணம் தனி. அதற்கு மேல் நம் வங்கி செலாவணி மாற்றுக்கு ஒரு சதவீதம் போடும். பல வங்கிகளில் அது மூன்றரை வரை போகிறது. அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஒரு நாளில் ஆறு பயணம் போனால் 60 காசு பெரிதல்ல, பயணத்துக்குப் பத்துக் காசு. ஒரே ஒரு பயணம் போனால் சரக்கின் விலையில் பாதிக்கு மேல் அது. ஆக அட்டை விலை ஐந்து வெள்ளியா, நாளுக்கு 60 காசா என்பது எத்தனை நாள் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எட்டு நாள் வரை வங்கி அட்டை கட்டும், அதற்கு மேல் அவர்கள் அட்டை கட்டும். செலாவணிச் செலவைச் சேர்த்தால் இன்னும் இரண்டொரு நாள் குறையும். இவ்வளவு கணக்கும் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு யார் போடுவது?

இங்கேதான் தராசு வருகிறது. சிங்கப்பூர்க்காரர்களே இதே கேள்வியை நமக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். 2002 முதல் அங்கே ஈஸி லிங்க் என்ற அட்டை நடைமுறையில் உள்ளது. வாயிலில் தட்டியதும் பிடித்த கட்டணமும் மீதி இருப்பும் கண்ணுக்குத் தெரியும். 2024 ஜனவரி 9-ல், இந்தப் பழைய முறை ஜூன் 1 முதல் கிடையாது, எல்லாரும் புதிய முறைக்கு மாற வேண்டும் என்று அரசுத் தரப்பில் அறிவித்தார்கள். புதிய முறையில் வாயிலில் தொகை தெரியாது. மக்கள் விடவில்லை. வேகமாக இருக்கிறது, நவீனமாக இருக்கிறது என்ற சமாதானம் எடுபடவில்லை. எவ்வளவு பிடித்தாய், எவ்வளவு மீதி, அதை இங்கேயே காட்டு என்றார்கள். பதின்மூன்றே நாளில், ஜனவரி 22-ல், அரசு முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையைத் தொடர்ந்து நடத்தக் கூடுதலாக 4 கோடி வெள்ளி செலவிடுவதாகவும் சொன்னது.

நம் அப்பா காலத்துத் தராசில் முள் வாங்குபவர் பக்கம் தெரிய வேண்டும் என்பது எழுதாத சட்டம். இன்று மின்னணுத் தராசிலும் வாடிக்கையாளர் பக்கம் எண் தெரிகிறது. எடை சரியாகவே இருக்கலாம். ஆனால் கண்ணில் காட்டாத எடையை யாரும் நம்புவதில்லை. சிங்கப்பூர் மாதிரி ஒழுங்கான ஊரில், ஒரு காசு தப்பாகப் பிடிக்காத இயந்திரத்தின் முன் நின்று ஜனங்கள் முள்ளைத் திருப்பு என்று கேட்டார்கள் என்றால் அது ஒரு வியாபாரிக்குப் புரியாதா? உள்ளூர்க்காரனுக்கே அப்படி என்றால் மொழி தெரியாத, நாணய மதிப்பு பிடிபடாத வெளியூர்க்காரனுக்கு அந்த எண் எவ்வளவு முக்கியம்!

காசே வாங்காத ஊரும் உண்டு. லண்டன் நகரப் பஸ்களில் 2014 ஜூலை 6 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. அப்போது காசு கொடுத்து ஏறுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன் அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். 2012 டிசம்பரிலேயே பஸ்ஸில் சாதாரண வங்கி அட்டையைத் தட்டி ஏற வழி செய்தார்கள். 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் வந்தது. வெளிநாட்டான் தட்டினாலும் லண்டன்காரனுக்கு உள்ள அதே கட்டணம். ஒரு நாளில் எத்தனை தடவை ஏறினாலும் குறிப்பிட்ட உச்சவரம்புக்கு மேல் பிடிக்காது. அவர்களுடைய ஆயிஸ்டர் அட்டையில் இருப்புக் குறைந்துபோனவருக்கு ஒரு பயணம் பாக்கியில் கொடுத்துவிட்டு, அடுத்து பணம் போடும்போது கழித்துக்கொள்கிறார்கள். பாக்கி நோட்டு இல்லாத மளிகைக் கடை உண்டா? அதை அங்கே பஸ்ஸில் வைத்திருக்கிறார்கள். ஆனால் வங்கிக் கணக்கும் அட்டையும் இல்லாதவர் அங்கே முன்கூட்டிக் கடைக்குப் போய் அட்டை வாங்கியே தீர வேண்டும். நூற்றில் ஒருவர் என்று எழுதுவது சுலபம். அந்த ஒருவர் நம் கடை வாசலில் நின்றால் அவருக்கு முகம் இருக்கும்.

நமது கருத்து இதுதான். பயணச் சீட்டுக்கு அட்டை வரட்டும், போன் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் புதிதாக வருகிறவன் கையில் என்ன வைத்திருக்கிறானோ அதை வைத்து முதல் பயணம் ஏற ஒரு வழி இருக்க வேண்டும். பிடித்த தொகை அங்கேயே அவன் கண்ணில் பட வேண்டும். முன்பணம் வாங்கினால் திரும்பக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் நம் கடையில் நாம் செய்கிறோம், அரசாங்கமும் செய்யலாம்.

நம் நாட்டிலும் மாற்றம் வேகமாக வருகிறது. நாடு முழுவதற்கும் ஒரே பயண அட்டை என்ற திட்டத்தை 2019-ல் தொடங்கினார்கள். சென்னையில் சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோ ரயிலில் வந்து, 2025 ஜனவரியில் மாநகரப் பஸ்ஸுக்கும் வந்தது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்ற செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க வழி செய்தார்கள். நல்லது. இவை மலைக்கும் வரும். வரும்போது கண்டக்டரை எடுத்துவிட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். நம் ஊர்க் கண்டக்டர் ஒரு நடமாடும் கல்லா. சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் முதுகில் பாக்கியை எழுதிக் கொடுத்து, இறங்கும் முன் கணக்கை முடிக்கிறார். சிங்கப்பூர்ப் பெட்டிக்கு அந்த வித்தை தெரியாது.

அந்த எழுத்து வெளிநாட்டாருக்குப் புரிவதில்லை என்பதும் உண்மை. சென்ற மாசியில் போளூரில் நம் மருமகன் கடையில் உட்கார்ந்திருந்தோம். கொடைக்கானலில் இருந்து வந்த வண்டியில் முதுகில் பெரிய பை சுமந்த வெளிநாட்டு இளைஞர் இருவர் இறங்கி நடந்துவிட்டார்கள். கண்டக்டர் பின்னாலேயே ஓடி வந்து அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். பாக்கியை டிக்கெட்டில் எழுதிக் கொடுத்ததை ஏதோ முத்திரை என்று நினைத்துக்கொண்டார்கள். போனில் பணம் அனுப்பும் வசதி அவர்களிடம் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று யு.பி.ஐ. ஒன் வேர்ல்ட் என்று ஒன்றை 2023-ல் ஜி-20 கூட்டங்களின்போது தொடங்கி, 2024-ல் எல்லாப் பயணிகளுக்கும் விரிவாக்கினார்கள். போளூர் வரை வந்த எந்தப் பயணியிடமும் அதை நாம் இன்னும் கண்டதில்லை. இருந்தாலும் டவர் கிடைக்க வேண்டுமே!

கண்டக்டருக்குச் சில்லறை வேண்டும். மருமகன் டப்பாவைக் கவிழ்த்துப் பத்து ரூபாய் நாணயங்களாக எண்ணிக் கொடுத்தார். கண்டக்டர் வாங்கி அவர்களுக்குப் பாக்கி தீர்த்தார். வண்டி கிளம்பியது. பையன்கள் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அவர்களில் ஒருவர் கடைக்குத் திரும்பி வந்தார். பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் ரொட்டி வாங்கி அந்த நாணயத்தைக் கொடுத்தாராம். கடைக்காரர் செல்லாது என்று தள்ளிவிட்டாராம். நாணயத்தை மேசையில் வைத்து, இது உங்கள் நாட்டுப் பணம் இல்லையா என்று கேட்டார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் தாள்களாக மாற்றிக் கொடுத்தார்.

சிங்கப்பூர்ப் பெட்டியைக் குறை சொன்ன நாம் இதற்கு என்ன பதில் சொல்வது? பத்து ரூபாய் நாணயங்களில் 14 வடிவங்கள் உண்டு, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பிறகும் நம் கடைகளில் பலர் வாங்குவதில்லை. வாங்கினால் வாடிக்கையாளர் திரும்ப வாங்க மாட்டார் என்கிறோம். அவர் நாம் வாங்க மாட்டோம் என்கிறார். இரண்டு ரூபாய்ச் சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டுகிறோம். அதே மிட்டாயை அவர் திருப்பிக் கொடுத்தால் நாம் வாங்குவோமா? இப்போது 'யு.பி.ஐ. மட்டும்' என்று பலகை வைத்த கடைகளும் கொடைக்கானலில் கண்ணில் படுகின்றன. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது, கொடைக்கானலில் கையில் தாளோடு பட்டினி நின்ற வெளிநாட்டாருக்குக் கடனாகச் சாப்பாடு போட்ட கடைக்காரர்கள் நம்மில் உண்டு. அந்தக் கடைகளும் நம்முடையவைதான்.

சங்கத்தின் முன் இரண்டு யோசனைகளை வைக்கிறோம். பயண அட்டை மலைக்கு வரும்போது, அதை விற்கவும் பணம் ஏற்றவும் நம் மளிகைக் கடைகளுக்கு அனுமதி கேட்போம். ஒரு காலத்தில் செல்போன் ரீசார்ஜ் கூப்பன் விற்றோமே, அதே மாதிரி. கமிஷன் சொற்பமாக இருந்தாலும் அட்டைக்கு வருகிறவர் ஒரு பாக்கெட் பிஸ்கட்டாவது வாங்குவார். சிங்கப்பூரில் அட்டை வாங்கப் போன நாங்கள் எட்டுப் பேரும் அந்தக் கடையில் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தோம். இன்னொன்று, கொடைக்கானல் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள நம் உறுப்பினர் கடைகள் 'இங்கே சில்லறை மாற்றித் தரப்படும்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். அதற்குக் கமிஷன் வேண்டாம்.

பாசிர் பாஞ்சாங்கில் என்ன பார்த்தோம் என்று சில அன்பர்கள் கேட்டிருந்தார்கள். சீனப் பூண்டு மூட்டைகள் மலை போல் அடுக்கியிருந்தன. வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய பல். நம் மலைப்பூண்டின் காரமும் வாசனையும் அதில் இல்லை. விலையைப் பற்றித் தனியாக எழுதுகிறோம்.

ஏழு அட்டைகளும் நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வெள்ளி மிச்சம் உண்டு. சங்க உறுப்பினர் யாராவது சிங்கப்பூர் போவதாக இருந்தால் சொல்லி அனுப்பவும், கொடுத்துவிடுகிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கல்லாவில் முடங்கிக் கிடக்கும் பத்து ரூபாய் நாணயங்களை எடுத்து வாருங்கள். எவ்வளவு இருந்தாலும் தாளாக மாற்றித் தருகிறோம். மேல்மலை வண்டிக் கண்டக்டர்களுக்கு அவை வேண்டும்.